லோக்கல் வாலண்டியர் ரெஜிமெண்ட்னா என்ன? அக்ரிங்டன் ஊர்ப் பசங்க கதையை வச்சு ஒரு எளிய விளக்கம்

முதல் உலகப் போர் பத்தி எதாச்சும் படிக்க உக்காந்தா ரெண்டாவது பக்கத்துலயே ரெஜிமெண்ட், பட்டாலியன், பிரிகேட், டிவிஷன்னு வரிசையா வந்து விழும், யாரும் இதெல்லாம் என்னன்னு சொல்ல மாட்டாங்க, நமக்குத் தெரியும்னு நினைச்சுக்கிட்டே போயிடுவாங்க. அதுல அடிக்கடி கண்ணுல படற ஒரு பேர் "11வது சர்வீஸ் பட்டாலியன், ஈஸ்ட் லங்காஷயர் ரெஜிமெண்ட்". 11வதுன்னா மீதி 10 எங்க, சர்வீஸ்னா என்ன சர்வீஸ், இதுக்கு ஏன் ஊர்க்காரங்க எல்லாம் அக்ரிங்டன் பேல்ஸ்னு செல்லப்பேர் வச்சிருக்காங்க, இந்த 3 கேள்விக்குப் பதில் தெரிஞ்சுட்டாலே அந்தக் காலத்து ஊர்ப் படை எப்படி உருவாச்சு எப்படி ஓடுச்சுன்னு முக்கால்வாசி புரிஞ்சிடும். பேல்ஸ்னா கூட்டாளிங்கன்னு அர்த்தம், மதுரைப் பக்கம் சேக்காளிங்கன்னு சொல்லுவோமே அது.

முதல்ல ரெஜிமெண்ட். பிரிட்டிஷ் காலாட்படையில ரெஜிமெண்ட்ங்கிறது ஒண்ணா கிளம்பி சண்டைக்குப் போற கூட்டம் இல்ல, அது ஒரு வீட்டுப் பேர் மாதிரி. அதுக்குன்னு ஒரு சின்னம், ஒரு கொடி, ஒரு சொந்த ஊர், பழைய சண்டைகளோட பெருமை, இதெல்லாம் இருக்கும், 1881ல ராணுவத்தைத் திருத்தி அமைச்சப்ப ஒவ்வொரு ரெஜிமெண்டையும் ஒரு மாவட்டத்தோட முடிச்சுப் போட்டுட்டாங்க, ஈஸ்ட் லங்காஷயர் ரெஜிமெண்டும் அப்ப பொறந்ததுதான். நிஜமா துப்பாக்கி தூக்கிக்கிட்டுப் போறது பட்டாலியன். நம்ம மெட்ராஸ் ரெஜிமெண்டை நினைச்சுக்கோங்க, குன்னூர் பக்கத்துல வெலிங்டன்ல அதோட சென்டர் இருக்கு, ஆனா அதோட பட்டாலியன்கள் ஒண்ணு ஒரு எல்லையில இன்னொண்ணு வேற மாநிலத்துலன்னு தனித்தனியா இருக்கும், எல்லாரும் மெட்ராஸ் ரெஜிமெண்ட்தான், ஆனா எல்லாரும் ஒரே இடத்துல இருக்கறதில்ல. இந்த முறையே பிரிட்டிஷ்காரங்க கிட்ட இருந்து வந்ததுதான்.

ஒரு பட்டாலியன் முழுசா இருந்தா சுமார் 1000 பேர், லெஃப்டினன்ட் கர்னல் ஒருத்தர் தலைமை. அதுக்குள்ள 4 கம்பெனி, கம்பெனிக்கு 200 பேருக்கு மேல. ஒரு கம்பெனியில 4 பிளட்டூன், ஒவ்வொண்ணுக்கும் இருபது வயசு சொச்சத்துல ஒரு இளம் ஆபீசர், பிளட்டூனுக்குள்ள 4 செக்ஷன். அப்படியே மேல போனா 4 பட்டாலியன் சேந்து ஒரு பிரிகேட், 3 பிரிகேட் சேந்து ஒரு டிவிஷன். இந்த பட்டாலியன் அளவு, அந்த 1000 பேருங்கிற எண்ணிக்கை, இதை மட்டும் மனசுல வச்சுக்கோங்க, ஏன்னா ஒரு சின்ன ஊர்ல இருந்து 1000 வாலிபர்களை எடுத்தா ஊர்ல என்ன மிஞ்சும்ங்கிறதுதான் இந்தக் கதையே.

அடுத்தது வாலண்டியர். இந்த வார்த்தையில ஒரு குழப்பம் இருக்கு, இன்னைக்கு வாலண்டியர்னா சம்பளம் வாங்காம வேலை பாக்கறவங்கன்னு நினைக்கறோம், ராணுவத்துல அப்படி இல்ல, யாரும் கட்டாயப்படுத்தாம தானா போய்ப் பேர் குடுத்தவர்னு அர்த்தம், அவருக்கு சம்பளம் உண்டு. பிரான்ஸ், ஜெர்மனி மாதிரி நாடுகள்ல வயசுக்கு வந்த ஆம்பளைங்க எல்லாரும் கட்டாயம் ராணுவத்துல இருந்துட்டு வரணும்னு சட்டம் இருந்துச்சு, பிரிட்டன்ல அது கிடையாது, அங்க எப்பவுமே சின்ன சம்பளப் பட்டாளம்தான், அதுவும் பாதி நேரம் இந்தியா மாதிரி காலனிகள்ல கிடக்கும். அப்ப சொந்த நாட்டுக்கு ஆபத்து வந்தா யாரு நிப்பாங்க? அதுக்குத்தான் உள்ளூர் வாலண்டியர்கள்.

1859ல பிரான்ஸ்காரன் படையெடுத்து வந்துடுவானோன்னு ஒரு பயம் கிளம்பி, அந்த வருஷம் மே 12 அன்னிக்கு போர் அலுவலகம் மாவட்டத் தலைவர்களுக்கு ஒரு கடிதம் அனுப்பி ஊருக்கு ஊரு ரைஃபிள் வாலண்டியர் படை ஆரம்பிக்கலாம்னு அனுமதி குடுத்துச்சு. வக்கீல், கணக்குப்பிள்ளை, கடைக்காரர், பட்டறைத் தொழிலாளின்னு ஆளாளுக்கு சேந்தாங்க, ஆரம்பத்துல உடுப்பும் துப்பாக்கியும் சொந்தக் காசுல வாங்கணும், சனிக்கிழமை மைதானத்துல டிரில். நம்ம சென்னையிலயே 1857ல மெட்ராஸ் வாலண்டியர் கார்ட்ஸ்னு ஒரு படை ஆரம்பிச்சாங்க, ஆனா இந்தியாவுல இந்த மாதிரி வாலண்டியர் படைகள் ஐரோப்பியர்களுக்கும் ஆங்கிலோ இந்தியர்களுக்கும்தான்னு வச்சிருந்தாங்க, நம்ம ஆளுங்களுக்குப் பெரும்பாலும் கதவு மூடித்தான் இருந்துச்சு. அப்புறம் 1908ல ஹால்டேன்ங்கிற போர் அமைச்சர் இந்த ஊர்ப் படைகளை எல்லாம் ஒழுங்குபடுத்தி டெரிட்டோரியல் ஃபோர்ஸ்னு மாத்தினார். அதுலயும் ஒரு விதி, இவங்க சொந்த மண்ணைக் காக்கறதுக்கு மட்டும்தான், கையெழுத்துப் போட்டு சம்மதிச்சாத்தான் கடல் தாண்டி அனுப்ப முடியும்.

இப்ப 1914 ஆகஸ்ட். போர் மூண்டாச்சு, போர் அமைச்சரா வந்தவர் லார்டு கிச்சனர், எகிப்துலயும் சூடான்லயும் இந்தியாவுலயும் இருந்துட்டு வந்த ஆளு. மத்தவங்க எல்லாம் கிறிஸ்துமஸுக்குள்ள முடிஞ்சிடும்னு பேசிக்கிட்டு இருந்தப்ப இவர் மட்டும் இது வருஷக்கணக்குல இழுக்கும், லட்சக்கணக்குல ஆள் வேணும்னு கணக்குப் போட்டார், அந்த விஷயத்துல அவர் கணக்கு சரியாத்தான் இருந்துச்சு. ஆனா டெரிட்டோரியல் படை மேல அவருக்கு நம்பிக்கை இல்ல, அதை விரிவாக்கறதுக்குப் பதிலா புத்தம் புதுசா ஒரு ராணுவத்தையே கட்டணும்னு ஆகஸ்ட் 7 அன்னிக்கு முதல் 1 லட்சம் பேர் வேணும்னு விளம்பரம் குடுத்தார். இந்தப் புது ராணுவத்து பட்டாலியன்களுக்குத்தான் சர்வீஸ் பட்டாலியன்னு பேரு, போர் முடியற வரைக்கும் சேவை, அப்புறம் வீட்டுக்குப் போயிடலாம். ஆக அந்தப் பேர் புதிர் இப்ப அவிழ்ந்துடுச்சு பாருங்க. ஈஸ்ட் லங்காஷயர்ல 1ம் 2ம் ரெகுலர் பட்டாளம், 3 ரிசர்வ், 4ம் 5ம் டெரிட்டோரியல், 6ல இருந்து 10 வரைக்கும் கிச்சனர் கூப்பிட்டப்புறம் புதுசா கிளப்பினது, அடுத்து வந்தது 11. அந்த 11தான் அக்ரிங்டன்.

ஆனா அதுக்கு முன்னாடி பேல்ஸ்ங்கிற ஐடியா எங்க இருந்து வந்துச்சுன்னு சொல்லணும். லண்டன்ல பங்குச் சந்தை ஆளுங்க சேந்து ஆகஸ்ட்லயே ஒரு பட்டாலியன் ஆரம்பிச்சுட்டாங்க, ஆனா அந்தப் பேரை நிலைநாட்டினவர் லிவர்பூல் பக்கத்துப் பெரிய மனுஷன் லார்டு டெர்பி. ஆகஸ்ட் 28 அன்னிக்கு லிவர்பூல் கூட்டத்துல அவர் சொன்னதோட சாரம் ரொம்ப எளிமையானது, ஒரே ஆபீஸ்ல வேலை பாக்கற பசங்க ஒண்ணா சேருங்க, ஒண்ணாவே வச்சிருக்கோம், கூட்டாளிங்களோட பட்டாலியனா இருக்கும்னு. ஒரு வாரத்துக்குள்ள 3 பட்டாலியனுக்கு ஆள் சேந்துடுச்சு, அப்புறம் 4வதும் வந்துச்சு. பட்டாளம்னாலே அது வேலைவெட்டி இல்லாதவன் போற இடம்னு நினைச்சுக்கிட்டு இருந்த குமாஸ்தாக்கள், பக்கத்து சீட்டுக்காரனும் வர்றான்னதும் கிளம்பிட்டாங்க. தெரியாத முரட்டு ஆளுங்களோட பாராக்ஸ்ல தனியா மாட்டிக்குவோமோங்கிற பயம் போயிடுச்சு, அவ்வளவுதான் விஷயம்.

பத்த வச்ச மாதிரி இது ஊர் ஊரா பரவுச்சு. ஹல்ங்கிற துறைமுக ஊர்ல ஆபீஸ்காரங்களுக்கு ஒரு பட்டாலியன், கைத்தொழில்காரங்களுக்கு ஒண்ணு, விளையாட்டு வீரர்களுக்கு ஒண்ணு, இந்த மூணுலயும் சேராதவங்களுக்கு 4வதா ஒண்ணு, அதுக்கு அந்த ஊர்ப் பேச்சுல "மத்தவங்க"ன்னே பேர் வச்சுட்டாங்க. கிளாஸ்கோவுல டிராம் ஓட்டறவங்களும் கண்டக்டருங்களும் சேந்து ஒரு பட்டாலியன். எடின்பரோவுல சர் ஜார்ஜ் மெக்ரே ஆரம்பிச்ச பட்டாலியன்ல ஹார்ட்ஸ் ஃபுட்பால் கிளப் ஆட்டக்காரங்க கூட்டமா சேந்தாங்க, அந்த சீசன்ல லீக்ல முன்னணியில இருந்த டீம் அது, அவங்க பின்னாடியே ரசிகர்களும் வந்து சேந்தாங்க. உயரம் பத்தலைன்னு திருப்பி அனுப்பின குள்ளமான ஆளுங்களுக்குன்னே பர்கன்ஹெட்ல தனிப் பட்டாலியன் வந்துச்சு, 5 அடி 3 அங்குலத்துக்குக் கீழ இருக்கறவங்க, பலபேர் சுரங்கத் தொழிலாளிங்க, தோள் அகலமா கல்லு மாதிரி இருப்பாங்க.

சரி அக்ரிங்டனுக்கு வருவோம். இங்கிலாந்து வடமேற்குல லங்காஷயர்ல இருக்கற ஒரு மில் ஊர், அப்ப ஜனத்தொகை சுமார் 45,000. பருத்தி நெசவு, நெசவு மெஷின் செய்யற பெரிய ஃபேக்டரி, சூளைச் செங்கல், சுரங்கம், இதுதான் பொழப்பு. இந்தப் பக்கத்து மில்லுங்களுக்கும் நமக்கும் ஒரு சம்பந்தம் இருக்கு, பக்கத்துல இருக்கற பிளாக்பர்ன் தறிகள்ல ஓடினதுல பெரும் பங்கு இந்தியாவுக்குப் போற வேட்டித் துணிதான். நம்ம தாத்தாவோட தாத்தா சந்தையில வாங்கின சீமைத் துணி இந்தப் பக்கத்துப் பசங்களும் பொண்ணுங்களும் நெய்ததா இருந்திருக்கலாம். 1913ல உச்சத்துல இருந்த அந்த ஏற்றுமதி 1914ல சரிய ஆரம்பிச்சு மில்லுங்க பாதி நேரம்தான் ஓடுச்சு. அது போக அந்த ஜூலையில மெஷின் ஃபேக்டரியில சம்பள உயர்வு கேட்டு தகராறு ஆகி லாக்அவுட், ஆயிரக்கணக்கான குடும்பம் வருமானம் இல்லாம உக்காந்திருந்துச்சு. அதனால அவங்க எல்லாம் நாட்டுப்பற்றுல மட்டும் ஓடிப்போய் சேந்தாங்கன்னு சொல்றதும் தப்பு, பசிக்காக மட்டும் போனாங்கன்னு சொல்றதும் தப்பு, ஒரு வீட்டுலயே அண்ணன் ஒரு காரணத்துக்காகவும் தம்பி அண்ணன் போறான்ங்கிறதுக்காகவும் போயிருப்பாங்க. மில்லுல 12, 13 வயசுல இருந்து நின்ன பையனுக்கு வேற ஊரைப் பாக்கறதே ஒரு பெரிய விஷயம்.

அந்த ஊர் மேயர் ஜான் ஹார்வுட். அவர் முதல்ல அரை பட்டாலியன் தர்றோம்னுதான் கேட்டார், போர் அலுவலகம் குடுத்தா முழுசா குடுங்க இல்லாட்டி வேணாம்னு சொல்லிடுச்சு, மனுஷன் சரின்னு முழுசுக்கே ஒத்துக்கிட்டார். இங்க ஒரு முக்கியமான நடைமுறை இருக்கு, இதை நிறைய பேர் கவனிக்கறதில்ல. இந்த ஊர்ப் பட்டாலியன்களை ராணுவம் நடத்தல, ஆரம்பத்துல ஊரே நடத்துச்சு. ஆள் எடுக்கறது, உடுப்பு தைக்கறது, தங்க வைக்கறது, சாப்பாடு, எல்லாம் மேயரும் ஒரு கமிட்டியும் பாத்துக்கணும், செலவை அப்புறம் அரசாங்கம் திருப்பிக் குடுக்கும். அரசாங்கத்துக்கு அந்த நேரத்துல ஆள் வந்து குவியுது, செப்டம்பர் முடியறதுக்குள்ள நாடு முழுக்க 7.5 லட்சத்துக்கு மேல சேந்துட்டாங்க, அவங்களை வைக்க பாராக்ஸ் இல்ல, போட உடுப்பு இல்ல, அதனால ஊர்கள் இந்தப் பாரத்தைச் சுமந்தது கிச்சனருக்கு பெரிய வசதியா போச்சு.

செப்டம்பர் 14 அன்னிக்கு ஆள் எடுக்க ஆரம்பிச்சாங்க, 10 நாள்ல நிறைஞ்சு போச்சு. அதே 10 நாளுக்குள்ளதான், செப்டம்பர் 22 ராத்திரி, எம்டன் கப்பல் வந்து சென்னை மேல குண்டு போட்டுட்டுப் போச்சு, அங்க மில்லுக்காரப் பசங்க வரிசையில நின்னு பேர் குடுத்துக்கிட்டு இருந்த அதே வாரம் இங்க துறைமுகத்துப் பக்கம் எண்ணெய் டேங்க் எரிஞ்சுது. ஒரே போரோட ரெண்டு ஓரம்.

ஒண்ணு சொல்லிடறேன், அக்ரிங்டன் பட்டாலியன்னு பேர் இருந்தாலும் 1000 பேரும் அக்ரிங்டன் இல்ல, ஒரு பகுதிதான் அந்த ஊர். சோர்லிங்கிற ஊர்ல இருந்து ஒரு கம்பெனி, பர்ன்லியில இருந்து ஒரு கம்பெனி, சுத்துப்பட்டு கிராமங்கள்ல இருந்து ஒண்ணு. சோர்லிக்காரங்க இன்னைக்கும் தங்களைச் சோர்லி பேல்ஸ்னுதான் சொல்லுவாங்க, அங்க தனியா சிலையும் வச்சிருக்காங்க, அவங்க கிட்ட போய் அக்ரிங்டன்னு சொன்னா ஒத்துக்க மாட்டாங்க, அதுல நியாயமும் இருக்கு. முதல் கமாண்டரும் ஊர்க்காரர்தான், ரிச்சர்ட் ஷார்ப்பிள்ஸ்னு ஒரு வக்கீல், பழைய வாலண்டியர் ஆபீசர், வயசானவர். 1915ல அவருக்குப் பதிலா ரிக்மன்ங்கிற ரெகுலர் ஆபீசர் வந்தார், அதுக்கப்புறம்தான் பயிற்சி கடுமையாச்சு.

ஆரம்ப மாசங்கள்ல இவங்க தங்கினது எங்க தெரியுமா, அவங்கவங்க வீட்டுல. காலையில அம்மா கையால சாப்டுட்டு மைதானத்துக்குப் போய் டிரில் பண்ணிட்டு சாயங்காலம் வீட்டுக்கு வந்துடறது, சம்பளம் நாளைக்கு 1 ஷில்லிங், வீட்டுல தங்கறதுக்கும் சாப்பாட்டுக்கும் தனியா அலவன்ஸ். காக்கித் துணி கிடைக்காம நீலத் துணியில உடுப்பு தைச்சாங்க, நாடு முழுக்கவே அப்ப இந்த நீல உடுப்புதான், போஸ்ட்மேன் மாதிரி இருக்கோம்னு பசங்களுக்கு வருத்தம். துப்பாக்கிக்குப் பதிலா பல இடங்கள்ல மரக்கட்டையை வச்சுப் பழகினாங்க. தெருவுல மார்ச் பண்ணிப் போறப்ப ரெண்டு பக்கமும் நிக்கறது சொந்தக்காரங்க, காதலி, பழைய வாத்தியார். இந்தக் காட்சியை யோசிச்சுப் பாக்கறப்பதான் எனக்கு இந்த அமைப்போட பலம் புரிஞ்சுது, தெரிஞ்சவன் பாக்கறப்ப யாரும் பின்வாங்க மாட்டான், ஒழுக்கம் சொல்லித்தர சார்ஜண்ட் தேவையில்ல, ஊர்க் கண்ணே போதும்.

1915 பிப்ரவரியில ஊரை விட்டுக் கிளம்பினாங்க, ரயில் ஸ்டேஷனுக்குப் போற வழியெல்லாம் ஊரே திரண்டுச்சு. வேல்ஸ்ல கர்னார்வன், அப்புறம் ஸ்டாஃபர்ட்ஷயர், ரிப்பன், சாலிஸ்பரின்னு முகாம் முகாமா பயிற்சி. இவங்களை ஷெஃபீல்ட் ஊர்ப் பட்டாலியன், பார்ன்ஸ்லி ஊரோட 2 பட்டாலியனோட சேத்து 94வது பிரிகேட், 31வது டிவிஷன்னு ஆக்கினாங்க. அந்த டிவிஷனைப் பாத்தீங்கன்னா லீட்ஸ், பிராட்ஃபோர்ட், ஹல்னு பூராவும் வட இங்கிலாந்து ஊர்ப் பேர்தான், ஒரு பஸ் ஸ்டாண்ட் போர்டு மாதிரி இருக்கும். 1915 டிசம்பர்ல கப்பல் ஏத்தி எகிப்துக்கு அனுப்பி சூயஸ் கால்வாயைக் காவல் காக்க வச்சாங்க, 1916 மார்ச்ல பிரான்ஸ். அதாவது சேந்து ஒன்றரை வருஷம் ஆகியும் இவங்க பெரிய சண்டை எதையும் பாக்கல.

முதல் பெரிய சண்டை 1916 ஜூலை 1. சோம் நதிப் பக்கம் பிரிட்டிஷ் ராணுவத்தோட பெரிய தாக்குதல், அதோட வடக்குக் கோடியில செர்னு ஒரு சின்ன கிராமம், மேட்டு மேல இருக்கு, அதைப் பிடிக்கறதுதான் 31வது டிவிஷனோட வேலை. ஜூன் 24ல இருந்து ஒரு வாரம் இடைவிடாம பீரங்கி அடிச்சாங்க, ஜெர்மன் முள்கம்பி அறுந்திருக்கும், பதுங்குகுழியில ஒருத்தனும் உயிரோட இருக்க மாட்டான், நடந்து போய் எடுத்துக்கலாம்னு மேல இருந்தவங்க நம்பினாங்க. அந்த நம்பிக்கைதான் தப்பா போச்சு. போட்ட குண்டுல நிறைய வெடிக்கவே இல்ல, முள்கம்பி பல இடத்துல அப்படியே இருந்துச்சு, ஜெர்மன்காரங்க 30 அடி ஆழத்துல குழி தோண்டி உள்ள உக்காந்திருந்தாங்க. இது போதாதுன்னு இன்னொரு தப்பு. கொஞ்சம் தெற்குல ஹாதார்ன் மேட்டுக்கு அடியில புதைச்சு வச்சிருந்த வெடியைத் தாக்குதலுக்கு 10 நிமிஷம் முன்னாடியே, காலையில 7.20க்கு வெடிக்க வச்சாங்க, அதுக்கு ஏத்த மாதிரி அந்தப் பகுதி முழுக்க பெரிய பீரங்கிகளும் அப்பவே முன்வரிசையை விட்டுப் பின்னாடி அடிக்க ஆரம்பிச்சுது. ஜெர்மன்காரனுக்கு இப்ப வரப்போறாங்கன்னு மணி அடிச்சுச் சொன்ன மாதிரி ஆச்சு, குழியில இருந்து மெஷின் கன்னைத் தூக்கிக்கிட்டு மேல வர அவங்களுக்கு 10 நிமிஷம் தாராளம்.

அக்ரிங்டன் பசங்க ஒரு சின்ன மரத்தோப்புக்கு முன்னாடி இருந்த அகழியில நின்னாங்க. அங்க மொத்தம் 4 தோப்பு, மத்தேயு, மார்க்கு, லூக்கா, யோவான்னு நற்செய்தி எழுதினவங்க பேரையே பட்டாளத்துக்காரங்க வச்சிருந்தாங்க. 7.20க்கு முதல் அலை அகழியை விட்டு ஏறி முன்னாடி போய்ப் படுத்துக்கிச்சு, 7.30க்கு விசில், எழுந்து மேட்டைப் பாத்து நடந்தாங்க, முதுகுல ஆளுக்கு கிட்டத்தட்ட 30 கிலோ சுமை. சுமார் அரை மணி நேரம். போன சுமார் 720 பேர்ல 584 பேர் செத்தோ காயம்பட்டோ காணாமலோ போயிட்டாங்க. சில பேர் முள்கம்பி தாண்டி ஜெர்மன் அகழிக்குள்ளயே போயிட்டாங்க, ஒரு சிலர் செர் கிராமம் வரைக்கும் போனதாவும் தகவல் இருக்கு, போனவங்க திரும்பல. கமாண்டர் ரிக்மனுக்கும் காயம். பக்கத்துல நின்ன ஷெஃபீல்ட் ஆளுங்களுக்கும் அதே கதிதான், கொஞ்சம் தள்ளி லீட்ஸ், பிராட்ஃபோர்ட் ஆளுங்களுக்கும் அதே. அன்னிக்கு ஒரு நாள் மட்டும் பிரிட்டிஷ் பக்கம் மொத்த சேதம் 57,470, அதுல செத்தவங்க 19,240.

இங்க ஆரம்பநிலை வாசகர்களுக்கு ஒரு விஷயம் அழுத்திச் சொல்லணும். 584 பேர் செத்துட்டாங்கன்னு பல இடத்துல எழுதறாங்க, அது தப்பு. ராணுவக் கணக்குல சேதம்னா செத்தவங்க, காயம்பட்டவங்க, காணாமப் போனவங்க, கைதானவங்க எல்லாரும் சேந்த எண்ணிக்கை. அக்ரிங்டன் பட்டாலியன்ல அன்னிக்கு செத்தவங்க சுமார் 235. எண்ணிக்கையைப் பெருசாக்கிச் சொன்னாத்தான் துக்கம் பெருசாகும்னு இல்ல, 45,000 பேர் ஊர்லயும் சுத்துப்பட்டுலயும் அரை மணி நேரத்துல 235 பிள்ளைங்க போறதுக்கு மேல என்ன வேணும்.

இப்ப அந்த ஊரை யோசிச்சுப் பாருங்க. பத்திரிகையில முதல்ல வந்தது தாக்குதல் நல்லா போகுதுன்னுதான். அதிகாரப்பூர்வமா ஒண்ணும் சொல்லல. ஆனா வழக்கமா வர்ற கடுதாசி நின்னு போச்சு, ஒரு வீட்டுக்கு மட்டும் நின்னா தபால் லேட்டுன்னு விடலாம், தெரு முழுக்க நின்னா? அப்புறம் ஆஸ்பத்திரிக்கு வந்த காயம்பட்டவங்க எழுதின கடுதாசிகள்ல இருந்து விஷயம் கசிய ஆரம்பிச்சுது, அவன் போயிட்டான் இவனைக் காணோம்னு. பொம்பளைங்க கூட்டமா மேயர் வீட்டுக்கே போய் உண்மையைச் சொல்லுன்னு நின்னதா ஊர்ல இன்னைக்கும் சொல்றாங்க. அந்த மேயரும்தான் என்ன செய்வார், அவர் ஊர் ஊரா பேசிச் சேத்த பிள்ளைங்க. அப்புறம் உள்ளூர் பேப்பர்ல வாரா வாரம் பத்தி பத்தியா போட்டோக்கள், நீல உடுப்புலயும் காக்கியிலயும் ஸ்டூடியோவுல நின்னு எடுத்தது, பக்கம் நிறைய முகங்கள்.

பேல்ஸ் முறையோட சங்கடமே இதுதான். ஆள் சேக்கறதுக்கு எது பலமோ அதுவே அடி விழறப்ப பலவீனம். ஒரு சாதாரண பட்டாலியன்ல பல ஊர் ஆளுங்க கலந்திருப்பாங்க, 500 பேர் போனா துக்கம் 100 ஊருக்குப் பிரிஞ்சு போகும். இங்க பிரியறதுக்கு இடமே இல்ல. ஒரே சர்ச், ஒரே தெரு, ஒரே மில் தறி வரிசை. இதைத் திட்டம் போட்டவங்களை முட்டாள்னு சொல்றது சுலபம், நான் அப்படிச் சொல்ல மாட்டேன், 1914 ஆகஸ்ட்ல யாருக்கும் மெஷின் கன் முன்னாடி ஒரு பட்டாலியன் அரை மணி நேரத்துல கரையும்னு கண்ணால பாத்த அனுபவம் இல்ல. ஆனா 1916 ஜூலையில அந்த அனுபவம் இருந்திருக்கணும், 1915 செப்டம்பர்லயே பிரான்ஸ்ல நடந்த லூஸ் சண்டையில அது தெரிஞ்சு போச்சு, அங்கதான் எனக்குக் கோபம் வருது.

அதுக்கப்புறம் இந்த முறை தானா கரைஞ்சு போச்சு. 1916 ஜனவரியிலயே கட்டாய ராணுவச் சேர்க்கைச் சட்டம் வந்தாச்சு, வாலண்டியர் காலம் முடிஞ்சுது. செர்ல அழிஞ்ச பட்டாலியனை மறுபடி நிரப்பறப்ப எங்கெங்க இருந்தோ ஆள் அனுப்பினாங்க, பேர் மட்டும் 11வது ஈஸ்ட் லங்காஷயர், உள்ள இருக்கறவங்களுக்கு ஒருத்தரை ஒருத்தர் தெரியாது. ஒரே ஊர் ஆளுங்களை ஒரே இடத்துல குவிக்கிற தப்பை ராணுவம் இந்த அளவுக்குத் திரும்பச் செய்யல.

அந்தப் பிந்தைய காலத்துலதான் இந்தப் பட்டாலியனுக்கு ஒரு விக்டோரியா கிராஸ் கிடைச்சுது, அது பிரிட்டிஷ் ராணுவத்தோட உச்சபட்ச வீர விருது. வாங்கினவர் பேசில் ஹார்ஸ்ஃபால், அவர் அக்ரிங்டன்காரர் இல்ல, இலங்கையில பிறந்தவர், கொழும்பு புனித தாமஸ் கல்லூரியில படிச்சவர். 1918 மார்ச் 27, ஜெர்மனியோட கடைசிப் பெரிய தாக்குதல் நடக்கறப்ப, முன்வரிசையில இருந்த பிளட்டூனுக்கு இவர்தான் தலைமை, தலையில அடிபட்டும் பின்வாங்காம இழந்த இடத்தை மறுபடி மீட்டார், ஆபீசருங்க குறைவுன்னு சிகிச்சைக்குப் போக மறுத்துட்டார், கடைசியா பின்வாங்கச் சொன்னப்ப கடைசி ஆளா கிளம்பி அப்ப செத்துப் போனார். லங்காஷயர் மில் பசங்களுக்காக ஆரம்பிச்ச பட்டாலியன்ல கடைசியில கொழும்புல படிச்ச ஒரு மனுஷன் பேர் நிக்குது, ஊர்ப் படைங்கிற வார்த்தை எவ்வளவு தூரம் மாறிடுச்சுன்னு இதுல இருந்தே தெரியும்.

செர்ல அந்தத் தோப்பு இருந்த இடம் இப்ப ஷெஃபீல்ட் நினைவுப் பூங்கா, அகழி இருந்த தடம் இன்னும் பள்ளமா தெரியும். உள்ள அக்ரிங்டன்காரங்க ஒரு சின்ன சுவர் கட்டி வச்சிருக்காங்க, பாதி இடிஞ்ச சுவர் மாதிரி, ஊர்ல இருந்து கொண்டு போன சிவப்புச் செங்கல்லயே. அதுக்கு முன்னாடி வயல் நடுவுல குவீன்ஸ் கல்லறைத் தோட்டம். அங்க இருக்கற கல்லை இனிமே நீங்க படிக்கலாம், மேல ரெஜிமெண்ட் சின்னம், ஈஸ்ட் லங்காஷயர்னா ஸ்பிங்க்ஸும் (மனுஷத் தலையும் சிங்க உடம்புமா இருக்கற எகிப்து உருவம்) ஒரு ரோஜாவும் இருக்கும், அதுக்குக் கீழ படை எண், பேர், ரெஜிமெண்ட், தேதி. அடுத்த கல்லுல வேற பேர், அதே தேதி. அதுக்கடுத்த கல்லுலயும் அதே தேதி.